அபுந்தியோவின் சிலுவையைச் சுமக்க ஓர் ஆள்

விடிந்தும் விடியாததுமாக நான் மில்லைத் திறந்தால்தான் சான் மதேயோவில் ரொட்டி வேகும். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல்நாளே சுண்ணாம்பு போட்டு வேகவைத்த மக்காச்சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். வரிசையில் நிற்கிற நேரத்தில், யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்பதிலிருந்து யார் புருஷன் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பதுவரை எல்லாம் சேர்ந்து அரைபடும். மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, இந்த ஊர்ப் பெண்களுக்கு ரகசியம் பேசவே வராது. எனக்கும் வராது.

நான் வெளியூர்க்காரி. கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் வடக்கே தக்காளி பறிக்கப் போனவன், போனவன்தான். மில் எனக்கு மிஞ்சியது. இத்தனை வருஷம் இவர்கள் சோளத்தை அரைத்துப் போட்ட பிறகும் ஏதாவது வாய்ச்சண்டை வந்துவிட்டால், "நீங்க வெளியூரு தோன்யா ஒப்துலியா, உங்களுக்குப் புரியாது" என்பார்கள். 'தோன்யா' என்கிற மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இருக்காது. என்ன புரியாது? அந்த ஏப்ரல் மாதம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஊர் இன்னொரு சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊருக்கும் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாந்தா கதரீனாவுக்கும் நடுவில் ஓர் ஊற்றுக்கண் இருக்கிறது. இரண்டு ஊரும் அது எங்களுடையதுதான் என்று காகிதம் வைத்திருக்கின்றன. மே மூன்றாம் தேதி சிலுவைத் திருநாள். அன்றைக்கு ஊற்றைத் தூர்வாரி, அதன் தலைமாட்டில் நிற்கும் கற்சிலுவைக்குப் பூ சாத்தினால்தான் மழை இறங்கும். போன வருஷம் யார் முதலில் சாத்துவது என்று ஆரம்பித்த தள்ளுமுள்ளு துப்பாக்கியில் போய் முடிந்தது. எங்கள் ஊர் அபுந்தியோ, நாற்பது வயதுக்காரன், கையில் பூவோடு அந்தத் தண்ணீரிலேயே விழுந்து செத்தான். போலீஸ் வந்தது, எழுதியது, போனது. கதரீனாவின் ஃபிதென்சியோதான் சுட்டான் என்று எங்கள் ஊரே முடிவுகட்டிவிட்டது.

இந்த வருஷம் ஊர்த்தலைவர் தோன் இலாரியோ கூட்டம் போட்டார். மூன்றாம் தேதி முப்பது ஆண்கள் துப்பாக்கியோடு ஊற்றைச் சுற்றி நிற்க வேண்டும் என்று தீர்மானம். பட்டியலில் முதல் பெயர் கிறிஸ்பின், அபுந்தியோவின் தம்பி.

அவர்கள் வீடு என் மில்லுக்கு எதிர்வீடு. ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. ஓர் அடுப்பு அபுந்தியோவின் மனைவி தெல்ஃபினாவுடையது. அவளுக்குப் பிள்ளை இல்லை. இன்னோர் அடுப்பு கிறிஸ்பினின் மனைவி எர்மெலிந்தாவுடையது. அவளுக்கு இருபத்தோரு வயது, இடுப்பில் ஐந்து மாதப் பெண்குழந்தை. பட்டியல் வந்த மறுநாள் காலை இரண்டு பேரும் என் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். எர்மெலிந்தாவின் கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நேத்து அந்தத் துப்பாக்கிய எண்ணெ போட்டுத் தொடச்சு அவரு கையில குடுத்தது நீங்கதானே?" என்றாள்.

"ஆமா, நாந்தான். அவங்க அண்ணனோடது, தம்பிக்குக் குடுத்தேன். ஊரான் வீட்டுக்கா குடுத்தேன்?"

"அவருக்கு ஒண்ணு ஆனா நான் என்ன செய்வேன்னு ஒரு நிமிஷம் நெனச்சீங்களா?"

"எம் புருஷன் போனப்ப நான் என்ன செஞ்சேன்? அதையே நீயும் செய்யி."

நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

"அப்ப நீங்க ஒத்தையா கெடக்கறது பத்தலியாக்கா? தொணைக்கு நானும் வேணுமா? எனக்கும் ஒரு கறுப்புச் சால்வை நெய்யச் சொல்லிட்டீங்களா, இல்ல உங்களுதயே ரெண்டாக் கிழிச்சுத் தரப்போறீங்களா?"

சொன்ன பிறகு எர்மெலிந்தாவே பயந்துபோனாள். தெல்ஃபினா அரைக்காத சோளத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். இந்த மலைப் பெண்களின் கை சும்மா இருக்காது. நடக்கும்போதும், பேசும்போதும், பூசைக்குக் காத்திருக்கும்போதும் ஓலை பின்னிக்கொண்டே இருக்கும். தெல்ஃபினாவோ தூங்கும்போதும் பின்னுவாள் என்று கேலி செய்வோம். அன்றைக்கு அவளுடைய இன்னொரு கை வெறுமனே தொங்கியது. மாவு அரைக்காமல் அந்த வீட்டில் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் நான் அரைகல்லைக் கழற்றிக் கொத்திக்கொண்டிருந்தேன். சில்வண்டு கத்துகிற வெயில். தெல்ஃபினா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வியாழச் சந்தைக்கு வர்றீங்களா?"

"கல்லு கொத்தணும்டி, பாக்கறேல்ல."

"வாங்க தோன்யா. தனியாப் போனா பாதி வழியில என் காலே என்னத் திருப்பிக் கூட்டியாந்துரும்."

அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. சரி என்றேன்.

காலையில் மலையிறங்கும்போது அவள் தலைச்சுமையில் விற்பனைக்கான ஓலைப்பெட்டிகள் இருந்தன. இடுப்பில் மட்டும் தனியாக ஒரு புதுப்பெட்டி, மேலே வெள்ளைத்துணி. காற்றில் துணி விலகியபோது பார்த்தேன். இனிப்பு ரொட்டி, சாக்லேட் வில்லைகள், ஒரு சீசா மெஸ்கால் சாராயம், இரண்டு மெழுகுவர்த்தி. எனக்குப் புரிந்துவிட்டது. சிலுவைக்கு ஆள் கேட்கப் போகிறாள்.

செத்து ஒரு வருஷம் திரும்பும் நாளில் புதுச் சிலுவை வைக்க வேண்டும். அதை வீட்டுக்காரர்கள் செய்யக்கூடாது. வேறொரு வீட்டார், புருஷனும் பெண்டாட்டியுமாக, சிலுவை செய்து சுமந்து வந்து கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தி மாதிரி ஓர் உறவு; ஆண் கொம்பாத்ரே, பெண் கொமாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போட முடியாது. 'நீ' என்று பேசக்கூடாது, கை ஓங்கக்கூடாது. ஓங்கினால் செத்தவனே வந்து ஏன் என்று கேட்பான். இன்னொன்று, கேட்கப் போகும்போது கொண்டுபோகிற பெட்டியை அந்த வீட்டில் யார் கைநீட்டி வாங்கினாலும் வீடே வாங்கியதுதான்.

"யாரக் கேக்கப் போற? தலைவர் தானே செய்யறேன்னு கிறிஸ்பின்கிட்ட சொல்லியிருக்காராமே?"

"நான் ஆளு பாத்துட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

சந்தையில் அவள் பழைய இடம் மண் ரொட்டிக்கல் விற்கிற ஒதிலியாவுக்குப் பக்கத்தில். பதினொரு வருஷம் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள். இவள் பெட்டியும் அவள் கல்லும் மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி ஒண்ணுக்குப் போனால் மற்றவள் கடையைப் பார்த்துக்கொள்வாள். ஒதிலியா கதரீனாக்காரி. ஃபிதென்சியோவின் மனைவி. சாவுக்குப் பிறகு தெல்ஃபினா சந்தையின் மறுகோடிக்கு, மிளகாய்க்காரிகள் பக்கம் போய்விட்டாள்.

அன்றைக்கு மறுகோடிக்குப் போகவில்லை. நேராகப் போய் ஒதிலியாவின் முன்னால் நின்றாள். மெஸ்கால் சீசாவை எடுத்து அவள் மண்டையில் போடப்போகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

தெல்ஃபினா பெட்டியை நீட்டினாள். ஒதிலியா வாங்கிக்கொண்டாள். யோசித்து வாங்கவில்லை. பதினொரு வருஷமாக இவள் நீட்டுவதும் அவள் வாங்குவதுமாகப் பழகிய கை, தானாக நீண்டுவிட்டது. மடியில் வைத்துத் துணியை விலக்கிய பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ, என்னடி இது தெல்ஃபினா?"

"கையில வாங்கிட்டே."

"தெரியாம வாங்கிட்டேன்டி! எப்பவும்போல பெட்டி மாத்தத் தர்றேன்னு நெனச்சேன்."

"வாங்குனது வாங்குனதுதான். அபுந்தியோவுக்கு மூணாந்தேதி வருஷம் திரும்புது. நீயும் உம் புருஷனும் சிலுவை கொண்டாந்து குடுக்கணும்."

சுற்றி இருந்த கடைகளில் மதேயோக்காரிகளும் கதரீனாக்காரிகளும் தராசைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள்.

"எம் புருஷனப் பத்தி ஊரு என்ன பேசுதுன்னு தெரியும்ல?" என்றாள் ஒதிலியா.

"ரெண்டு ஊரும் பேசுது. எனக்கும் காது இருக்கு."

"அஞ்சு பேரு சுட்டாங்கடி. யாரு குண்டுன்னு அந்த மனுஷனுக்கே தெரியாது. தெரியலியேன்னுதான் தூங்கறதில்ல. கழுதைக்குத் தண்ணி காட்டக்கூட ஊத்துப் பக்கம் போறதில்ல."

"நான் குண்டக் கேட்டு வரல. சிலுவையக் கேட்டு வந்திருக்கேன்."

"அப்ப மன்னிச்சுட்டியா?"

"யாரு சொன்னா?" என்றாள் தெல்ஃபினா. "மன்னிப்பெல்லாம் சாமி பாடு. எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. உன்னப் பாக்கப் பாக்க எரியுது. ஆனா எங்கூட்டுல ஒரு சின்னப்பொண்ணு இருக்கா. எங்கூட அவளுக்கும் ஒரு கறுப்புச் சால்வையான்னு எம்மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டா. கேட்டது நியாயம். துப்பாக்கியத் தொடச்சுக் குடுத்தது நாந்தான். உங்கூட்டுல யாரு தொடச்சுக் குடுத்தது?"

ஒதிலியா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு பயலுக பேரும் லிஸ்ட்ல இருக்கு. ரெண்டு பேருக்கும் நாந்தான் வழிச்சோத்துக்குத் துணி தச்சு வெச்சிருக்கேன்."

"அப்பறம் என்ன?"

"அவரு வரமாட்டேன்னுட்டா?"

"பெட்டி உம் மடியில இருக்கு. வரமாட்டேன்னா அத அவரே அபுந்தியோகிட்டச் சொல்லிக்கட்டும்."

ஒதிலியா ரொட்டியை எடுத்துப் பிட்டாள். பாதியைத் தெல்ஃபினாவிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே மென்றார்கள். ஒப்புக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். நானும் அழுதேன், எனக்கு ஒரு துண்டும் தரவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. மிளகாய் விற்கிற கதரீனாக்காரி ஒருத்தி எழுந்து, "எம்மக ஜூலையில ஆறாம் வகுப்பு முடிக்கிறா, ஞானத்தாயா நிக்க மதேயோக்காரி யாராச்சும் இருக்கீங்களா?" என்றாள். எங்கள் ஊர் சோனா உடனே, "நான் நிக்கறேன், எம் புது அடுப்புக்கு மந்திரிச்சுவிட நீ வா" என்றாள். அடுப்புக்கு, வாசல் கதவுக்கு, குழந்தை இயேசு சொரூபத்தின் புதுச்சட்டைக்கு என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள்; ஞானத்தாயாக நின்றாலும் அதே கொமாத்ரே உறவுதான். கையில் கிடைத்த ரொட்டியும் வாழைப்பழமும் பெட்டி மாறின. கடைசியில் என் மில்லின் புதுப் பெல்ட்டுக்கும் ஒரு ஞானத்தாய் வந்துவிட்டாள், வெங்காயக்காரி. மத்தியானத்துக்குள் ஏழு வீடு ஏழு வீட்டுக்குக் கொமாத்ரே. ஒரு புருஷனிடமும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து சொன்னபோது கிறிஸ்பின் ஆடித் தீர்த்துவிட்டான். முற்றத்தில் அவன் போட்ட சத்தத்துக்குக் கோழிகள் கூரை ஏறின.

"அண்ணனக் கொன்னவன் கையாலயே அண்ணனுக்குச் சிலுவையா? புத்தி கெட்டுப்போச்சா மதினி உங்களுக்கு?"

"எம் புருஷன் சிலுவைக்கு ஆளு பாக்கறது என் பாத்தியதை. கூட்டத்துல கை தூக்கி முடிவு பண்ண அது தண்ணிப் பங்கில்ல. துப்பாக்கியத் திருப்பிக் குடு."

"நீங்கதானே குடுத்தீங்க?"

"புத்தி கெட்டுக் குடுத்தேன். இப்ப தெளிஞ்சு கேக்கறேன்."

"குடுத்தது குடுத்ததுதான்" என்று அவன் துப்பாக்கியோடு தோன் இலாரியோ வீட்டுக்குப் போய்விட்டான். இலாரியோ பொல்லாத மனுஷர். இது கதரீனாக்காரர்கள் சிலுவையைக் காட்டி ஊற்றைப் பிடிக்கிற தந்திரம் என்றார். ஆனால் செத்தவன் சிலுவையை வராதே என்று சொல்ல அவருக்கும் தைரியம் இல்லை. சிலுவை வந்தால் வரட்டும், முப்பது பேரும் துப்பாக்கியோடு நிற்பது நிற்பதுதான் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் தேதி என் மில்லில் மோளேக் குழம்புக்கு மிளகாய் அரைத்தோம். தெல்ஃபினா மிளகாயை வறுத்துக் கொண்டுவர, எர்மெலிந்தா எள்ளும் கடலையும் கொண்டுவந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. நெடியில் மூன்று பேரும் தும்மிக்கொண்டிருந்தோம்.

"வான்கோழி ஒண்ணு போதுமாக்கா?" என்று எர்மெலிந்தா கேட்டாள்.

"ரெண்டு அடி. சிலுவை கொண்டு வர்றவங்க பசியோட வருவாங்க."

"வருவாங்களா?"

தெல்ஃபினா குழந்தையை அவள் முதுகிலிருந்து அவிழ்த்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டாள். எர்மெலிந்தா மூக்கைத் துடைத்தாள், மிளகாய் நெடிதான் என்றாள்.

மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கே பாறை சுட்டது. ஊற்று இடுப்பளவு குழியில் முழங்காலளவு தண்ணீராக வற்றிக் கிடந்தது. எங்கள் ஆண்கள் முப்பது பேர் இந்தப் பக்கம். நாங்கள் பெண்கள் அவர்களுக்குப் பின்னால், பூவும் சாம்பிராணிச் சட்டியுமாக. கிறிஸ்பின் வரிசையின் நடுவில் நின்றான், திரும்பியே பார்க்கவில்லை.

எதிர் மேட்டில் தொப்பிகள் தெரிந்தன. கதரீனாவின் ஆண்கள், அவர்கள் தோளிலும் துப்பாக்கி. அவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். எங்கள் வரிசையில் யாரோ துப்பாக்கிக் குதிரையைப் பின்னுக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. 'சேசுவே, இன்றைக்கு ஒன்று இரண்டு சாவோடு முடியாது' என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்போது மேட்டிலிருந்து ஓர் ஆள் இறங்கினான். தோளில் ஓர் ஆள் உயரத்துக்குப் பைன்மரச் சிலுவை. ஃபிதென்சியோ. ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தான். பின்னால் ஒதிலியா பூவோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறு கதரீனாக்காரிகள், என் வெங்காயக்காரி உட்பட.

"அங்கயே நில்லு!" என்று இலாரியோ கத்தினார்.

சோனாவின் புருஷன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "அதெப்படிங்க, பின்னால வர்ற பச்சைச் சால்வை எங்க அடுப்புக்குக் கொமாத்ரேயாமே" என்று முணுமுணுத்தான். இன்னும் இரண்டு மூன்று பேர் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். கிறிஸ்பின் மட்டும் தாழ்த்தவில்லை.

ஃபிதென்சியோ ஊற்றங்கரையில் வந்து முழங்காலிட்டான். சிலுவையைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். எங்கள் வழக்கத்தில் அதைச் செத்தவன் வீட்டு ஆண்பிள்ளை வாங்க வேண்டும். வாங்கும்வரை கொண்டுவந்தவன் எழுந்திருக்கக் கூடாது. அந்த வீட்டில் ஆண்பிள்ளை கிறிஸ்பின் ஒருவன்தான்.

கிறிஸ்பின் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஃபிதென்சியோவின் கை பாரத்தில் தாழ ஆரம்பித்தது. வேர்வையா கண்ணீரா, தாடியிலிருந்து சொட்டியது. சிலுவையில் வெட்டியிருந்த அபுந்தியோவின் பெயர் எங்கள் பக்கம் பார்த்துக் கிடந்தது.

எர்மெலிந்தா என் பக்கத்திலிருந்து நடந்து போனாள். ஆண்கள் வரிசைக்குள் நுழைந்தாள். புருஷன் முன்னால் போய் நின்று, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, மில்லில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"அதக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். நீங்க போய் உங்கண்ணன வாங்குங்க."

அவன் அவளையே பார்த்தான். அவள் துப்பாக்கியின் குழாயைப் பிடித்தாள். அவன் விரல் ஒவ்வொன்றாக விட்டது. பிறகு தொப்பியைக் கழற்றினான், நடந்தான், குனிந்து இரண்டு கையாலும் சிலுவையை வாங்கினான். வாங்கியதும் அதைக் கட்டிக்கொண்டு 'அண்ணே' என்று ஒரே ஒரு தடவை கத்தினான். நான் இதுவரை அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

ஃபிதென்சியோவால் எழுந்திருக்க முடியவில்லை. தெல்ஃபினா ஊற்றில் இறங்கினாள். போன வருஷம் அவள் புருஷன் விழுந்த அதே இடம். சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினாள்.

"எந்திரிங்க கொம்பாத்ரே. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

அவன் குடித்தான். மேட்டில் நின்ற கதரீனா ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அதற்கப்புறம் ஊற்றைத் தூர்வாரியது யார், பூவை முதலில் சாத்தியது யார் என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற அளவுக்கு அன்று யாரும் சண்டை போடவில்லை.

தெல்ஃபினாவின் முற்றத்தில் சாப்பாடு. கிறிஸ்பினும் ஃபிதென்சியோவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமல் தின்றார்கள். பாதியில் ஃபிதென்சியோ கையை நிறுத்தினான்.

"கொமாத்ரே, அன்னைக்கு நான்..."

தெல்ஃபினா ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். "சொல்லுங்க கொம்பாத்ரே, கேக்கறேன். இன்னைக்கில்ல. இன்னும் எத்தனையோ வருஷம் இந்த வீட்டுக்கு வருவீங்கல்ல, ஒருநாள் கேக்கறேன். இப்பச் சாப்பிடுங்க, ஆறுது."

கிறிஸ்பின் தலை நிமிராமல் உப்புக் கிண்ணத்தை ஃபிதென்சியோ பக்கம் தள்ளிவைத்தான்.

நாலு நாள் கழித்து முதல் மழை பெய்தது. ஊற்று யாருடையது என்கிற வழக்கு கோர்ட்டில் இன்னும் கிடக்கிறது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். அந்த டிசம்பரில் எர்மெலிந்தா தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஒதிலியாவின் மூத்த மகனையும் மருமகளையும் கேட்டாள். இந்தத் தடவை ரொட்டிப் பெட்டியைச் சுமந்துகொண்டு போனது கிறிஸ்பின்.

அந்தத் துப்பாக்கியை எர்மெலிந்தா சிலுவை வாங்கிய அன்றைக்கே என்னிடம் கொண்டுவந்து, "கொஞ்சம் வெச்சிருங்க தோன்யா, அவரு கேட்டா குடுங்க" என்று சோளமூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். எண்ணெய் போட ஆளில்லாமல் துருப்பிடித்துவிட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. கிறிஸ்பின் வாரத்துக்கு இரண்டு தடவை மாவு வாங்க வருகிறான், அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து கதை பேசுகிறான். இதுவரை கேட்கவில்லை.